காட்டுயிர் ஒளிப்பதிவு: 14 மாத ஒப்பந்தம் வந்திருக்கிறது, இந்தப் பயண வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

#1 மழைத்தும்பி

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வருடமாக விளம்பரப் படங்களில் கேமரா உதவியாளராக இருக்கிறேன். விடுமுறை கிடைத்தால் பறவைகளைப் படமெடுக்கப் போய்விடுவேன். அப்படி எடுத்த சில காட்சிகளைப் பார்த்துவிட்டு, ஒரு காட்டுயிர்த் தொடரில் இரண்டாவது கேமராவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். 14 மாதத்தில் ஏழு பயணம். சிறியது 16 நாள், நீண்டது ஆறு வாரம்.

வேலையைப் பற்றிப் பயமில்லை, கற்றுக்கொள்வேன். ஆனால் வீட்டில் மனைவியும் இரண்டு வயது மகளும் இருக்கிறார்கள். இந்த வாழ்க்கை உள்ளே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும். அனுபவப்பட்டவர்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.

#2 கல்மரம்

19 வருடமாக எனக்கு இதுதான் வேலை. ஊர் சுற்றும் வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டு மட்டும் வராதீர்கள் தம்பி. நான் போன நாடுகளை எண்ணினால் முப்பதைத் தாண்டும். அவற்றில் பாதி நாடுகளில் எனக்குத் தெரிந்ததெல்லாம் விமான நிலையம், ஒரு வண்டி, அப்புறம் நான்கடிக்கு நான்கடி துணிக் கூடாரம். அந்தக் கூடாரத்தின் ஓட்டை வழியாகத் தெரிந்த மரத்தை வேண்டுமானால் கிளை கிளையாகச் சொல்வேன்.

கூட்டில் இருக்கும் பறவையை எடுப்பது எப்படி என்று சொல்கிறேன், உங்களுக்கே புரியும். ஹைட் என்று நாங்கள் சொல்லும் மறைவுக் கூடாரத்தை முதல் நாளே கூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க முடியாது. தூரத்தில் வைத்து, பறவை அதைப் பொருட்படுத்தாமல் கூட்டுக்குத் திரும்புகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். அதற்கே பல நாள் போகும். பிறகு விடிவதற்கு முன் இரண்டு பேராக நடந்து போவோம். நான் உள்ளே போய்விடுவேன், கூட வந்தவர் நன்றாகத் தெரியும்படி திரும்பி நடப்பார். வந்த ஆள் போய்விட்டான் என்று பறவை அமைதியாகிவிடும். பல பறவைகளுக்கு இரண்டு பேர் வந்து ஒருவர் போனார் என்ற கணக்குப் பிடிபடுவதில்லை. மாலையில் அவர் வந்து கூப்பிடும்வரை, பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம், நான் வெளியே வர முடியாது. சிறுநீருக்கு ஒரு பாட்டில். சரசரக்கும் நைலான் சட்டை கூடாது. இருமல் வந்தால் துணியை வாயில் வைத்து அடக்க வேண்டும்.

இப்போதைய கேமராக்களில் ஒரு வசதி உண்டு. கடைசிச் சில விநாடிகளை நினைவகத்தில் சுழற்றிக்கொண்டே இருக்கும். பறவை பறந்த பிறகு பொத்தானை அமுக்கினாலும், பறப்பதற்கு முந்தைய கணமும் பதிவாகிவிடும். நான் தொடங்கிய காலத்தில் என் கையில் அது இல்லை. ஒரு கழுகுக் கூட்டின் முன் 19 நாள் உட்கார்ந்தேன். தாய் குஞ்சுக்கு முதல் முறையாக மீன் கொண்டுவந்தது 17-ஆம் நாள். அந்த நேரத்தில் நான் குனிந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது குஞ்சு விழுங்கி முடித்திருந்தது. இன்றும் நினைத்தால் வயிற்றில் ஏதோ செய்கிறது.

ஒரு கணக்கு மட்டும் பாருங்கள். 2016-இல் வந்த பிபிசியின் 'பிளானட் எர்த் 2' காட்டுயிர்த் தொடருக்கு 40 நாடுகளில் 117 படப்பிடிப்புப் பயணங்கள், 2,089 படப்பிடிப்பு நாட்கள். வகுத்தால் ஒரு பயணத்துக்குச் சராசரி 18 நாள். திரையில் வந்தது ஆறு மணி நேரம். மீதி எல்லாம் யாரோ ஒருவர் எங்கோ காத்துக்கொண்டிருந்த நாட்கள்தான்.

#3 பெட்டிதூக்கி

கல்மரம் அண்ணா சொன்னது உட்கார்ந்த பிறகு நடப்பது. அங்கே போய்ச் சேருவதைப் பற்றி நான் சொல்கிறேன். எட்டு வருடமாகக் கேமரா உதவியாளர். என் உலகம் பெட்டிகள்தான்.

சாதாரணமாக ஒரு பயணத்துக்கு 14 முதல் 20 பெட்டிகள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 32 கிலோவுக்கு மேல் ஒரு பெட்டியை ஏற்காது. அதனால் புறப்படுவதற்கு முந்தைய இரவு முழுக்கத் தராசும் நாங்களும்தான். ட்ரைபாட் தலையை இந்தப் பெட்டியிலிருந்து எடுத்து அந்தப் பெட்டியில் வை, கேபிளை எடுத்துக் காலணிக்குள் திணி. கேனனின் 50-1000 மி.மீ. லென்ஸ் ஒன்றே 6.6 கிலோ. அதைச் சரக்கில் போட மனம் வராது. குழந்தையைப் போலக் கையில் வைத்துக்கொண்டு போவோம்.

பேட்டரி தனிக் கதை. உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட் மணி வரைக்கும் தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு ஆளுக்கு இரண்டு. அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமில்லை. கேமரா பேட்டரிகள் பலவற்றில் 98 என்று எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டிப் பிரித்து, குழுவில் எல்லோருடைய கைப்பையிலும் பங்கு போடுவோம். எண்ணிக்கைக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு வரம்பு இருக்கும், முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் கார்னே. தற்காலிகமாகக் கொண்டுவருகிறோம், திருப்பி எடுத்துப்போவோம், அதனால் சுங்கவரி வேண்டாம் என்பதற்கான தாள் அது. பொதுவாக ஒரு வருடம் செல்லும். உள்ளே ஒவ்வொரு பொருளின் வரிசை எண், எடை, மதிப்பு. ஒவ்வொரு எல்லையிலும் உள்ளே போகும்போது ஒரு முத்திரை, வெளியே வரும்போது ஒரு முத்திரை. ஒன்று விட்டுப்போனாலும் பிறகு வரி கேட்டுக் கடிதம் வரும். ஒருமுறை தயாரிப்பு அலுவலகத்தில் ஒரு லென்ஸின் வரிசை எண்ணில் 8-க்குப் பதில் 3 என்று தட்டச்சு செய்திருந்தார்கள். நானும் சரிபார்க்கவில்லை. சுங்கத்தில் நான்கு நாள் எல்லாப் பெட்டிகளும் நின்றுவிட்டன. நாங்கள் ஆமைக் குஞ்சுகள் பொரிந்து கடலுக்குப் போவதை எடுக்கப் போயிருந்தோம். பெட்டி வெளியே வந்தபோது கடற்கரையில் காலி முட்டை ஓடுகள்தான் இருந்தன. தயாரிப்பாளர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து பெட்டி மூடுவதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் நான் வாய்விட்டுப் படிப்பேன், இன்னொருவர் தாளில் விரல் வைத்துப் பார்ப்பார்.

#4 மழைத்தும்பி

அண்ணா இருவருக்கும் நன்றி. பதின்மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கும்போது மனதை எப்படி வைத்துக்கொள்வீர்கள்? விளம்பரப் படத்தில் ஒரு நிமிடம் சும்மா நின்றால்கூட யாராவது கத்துவார்கள்.

#5 கல்மரம்

முதல் இரண்டு நாள் மனம் அலையும். கடன், சண்டை, பழைய பாட்டு எல்லாம் வரும். மூன்றாம் நாளிலிருந்து எறும்பு போகும் வழி தெரியும், காற்று திசை மாறுவது கன்னத்தில் தெரியும். அந்தப் பறவை தலையைச் சாய்த்தால் அடுத்து என்ன செய்யும் என்று நம் கைக்கே தெரிந்துவிடும். கற்றுக்கொடுக்க முடியாது, உட்கார்ந்தால் வரும். புத்தகம் மட்டும் எடுத்துப்போகாதீர்கள். கண் எழுத்தில் இருக்கும்போதுதான் எல்லாம் நடக்கும்.

இன்னொன்று. நாள் முழுக்க எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். வெயில் ஏறியதும் தரையிலிருந்து அனல் எழுந்து, நீண்ட லென்ஸில் காட்சி தண்ணீருக்கடியில் இருப்பது போல நெளியும். சமவெளிகளில் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம்தான் உருப்படியான வேலை. இடையில் உள்ள நேரத்திலும் அங்கேயேதான் இருப்போம், ஏனென்றால் சிறுத்தை நேரம் பார்த்து வேட்டையாடுவதில்லை.

#6 வாசற்படி

நான் கேமராவைத் தொட்டதே இல்லை. 11 வருடமாக ஒரு காட்டுயிர் ஒளிப்பதிவாளரின் மனைவி. இங்கே வாசிப்பது மட்டும்தான் வழக்கம், உங்கள் மகளுக்கு இரண்டு வயது என்று பார்த்ததும் எழுதத் தோன்றியது.

போவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எங்கள் வீட்டில் கடினமாக இருந்தது திரும்பி வருவதுதான். அவர் இல்லாத ஐந்து வாரத்தில் நானும் மகனும் ஒரு வீட்டை நடத்திப் பழகிவிடுவோம். தூங்கும் நேரம், கதை சொல்லும் முறை, எந்தப் பக்கம் யார் படுப்பது என்று எல்லாம் அமைந்துவிடும். அவர் வந்ததும் எல்லாம் கலையும். மூன்று வயதில் என் மகன் அவர் வாசலில் நின்றபோது என் பின்னால் ஒளிந்துகொண்டான். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, கிட்டே வராமல், கூடத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து அவனே போய் அவர் மடியில் ஏறினான். பறவையிடம் கற்றதை வீட்டிலும் செய்தார் என்று பிறகு புரிந்தது.

வந்த முதல் வாரம் அவர் நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். கூட்டமான இடத்துக்குப் போக முடியாது, தொலைபேசி அடித்தால் திடுக்கிடுவார். அந்த வாரத்தில் எந்த விசேஷத்துக்கும் ஒத்துக்கொள்ளக் கூடாது, எந்தப் பெரிய முடிவும் எடுக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்.

இன்னொரு ஒப்பந்தம் மிக முக்கியம். சாட்டிலைட் போனில் வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரத்தில், ஒரு வரிச் செய்தி. அந்த நேரம் தவறினால் 48 மணி நேரம் வரை நான் எதுவும் நினைக்க மாட்டேன், யாரையும் அழைக்க மாட்டேன். மழை, மேகம், பேட்டரி என்று ஆயிரம் காரணம் இருக்கும். 48 தாண்டினால் யாரை அழைப்பது என்று எண்ணோடு ஒரு தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும். இப்படி ஒரு எல்லை இல்லாத முதல் வருடத்தில் நான் தூங்கவே இல்லை.

பிபிசியின் 'டைனஸ்டீஸ்' காட்டுயிர்த் தொடருக்காக அண்டார்டிகாவின் அட்கா விரிகுடாவில் எம்பரர் பென்குயின்களை எடுத்த லிண்ட்ஸே மெக்ரே ஏறக்குறைய 11 மாதம் அங்கேயே இருந்தார். குளிர்காலம் முழுக்க அந்த இடத்துக்கு விமானம் வர முடியாது. அவருடைய முதல் குழந்தை பிறந்தபோது அவர் பனியில் இருந்தார். அதைப் படித்த அன்று நான் அவருடைய மனைவியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. என் கணவர் போகாமல் இருந்த ஒரு வருடம் எனக்கு நினைவிருக்கிறது, அது நல்ல வருடமில்லை. ஆனால் இந்த இழையை உங்கள் மனைவியும் படிக்கட்டும். பதில் இருவருமாகச் சொல்லுங்கள்.

#7 மழைத்தும்பி

அக்கா, உங்கள் பதிவை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அந்த 48 மணி நேர ஏற்பாட்டை உடனே குறித்துக்கொண்டாள். மிக்க நன்றி.

#8 நேர்நோக்கு

எல்லோரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள். ஆனால் ஒரு கேள்வியை யாரும் தொடவில்லை. இப்படி உலகின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஆளும் இருபது பெட்டியும் பறந்துபோய்ப் படமெடுப்பதே சரியா?

2020-இல் எல்லைகள் மூடியபோது பல தயாரிப்புகள் அந்தந்த நாட்டில் இருக்கும் ஒளிப்பதிவாளர்களை வைத்தே வேலையை முடித்தன. வேலை கெட்டுப்போய்விட்டதா? இல்லையே. அங்கேயே வாழ்பவருக்குப் பருவமும் தெரியும், விலங்கின் வழியும் தெரியும். மூன்று வாரம் வந்து போகிறவர் அந்த அறிவைத் தடம் பார்ப்பவரிடம்தான் கேட்டு வாங்குகிறார். பிறகு திரையில் ஒளிப்பதிவாளரின் பெயர் பெரிதாக வரும், தடம் பார்த்தவர் பெயர் கடைசி வரிசையில் ஓடும், சில நேரம் அதுவும் இருக்காது. தானியங்கிக் கேமராப் பொறிகளும் இப்போது வந்துவிட்டன, பனிச்சிறுத்தையை மனிதன் பக்கத்தில் இல்லாமலே எடுக்கிறார்கள். இந்த வாழ்க்கை இன்னும் பத்து வருடம் இதே வடிவில் இருக்குமா என்று யோசித்துவிட்டு வாருங்கள் நண்பரே.

#9 கல்மரம்

நேர்நோக்கு, தடம் பார்ப்பவர்களைப் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்துக்கும் மறுப்பில்லை. எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த காட்சிகளில் பாதியை முதலில் பார்த்தது என் கண் இல்லை. கடந்த ஆறு வருடமாக, பெயர்ப் பட்டியலில் அவர்களை ஒளிப்பதிவாளருக்குப் பக்கத்திலேயே போட வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதும்போதே கேட்கிறேன். மூன்று முறை நடந்தது. இரண்டு முறை கடைசியில் மாற்றிவிட்டார்கள், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் கேமராப் பொறி ஆளுக்கு மாற்று என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அது ஒரே இடத்தைப் பார்க்கும். விலங்கு எங்கே திரும்பும் என்று ஊகித்து முன்கூட்டியே லென்ஸைத் திருப்பாது. அதைப் பொருத்தவும் பேட்டரி மாற்றவும் ஒருவர் அந்த மலை ஏறித்தான் ஆக வேண்டும்.

யார் எடுக்க வேண்டும் என்பதுதான் உண்மையான கேள்வி. அங்கே வாழ்பவர்கள் கேமராவைக் கற்றுக்கொண்டால் என் வேலை குறையும். குறையட்டும். மழைத்தும்பி, நீங்கள் போகும் இடத்தில் தடம் பார்ப்பவரின் பிள்ளையோ தம்பியோ ஆர்வமாகக் கேட்டால் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரைக் கொடுங்கள். ஒரு பயணத்தில் அப்படிக் கொடுத்தேன். அந்தப் பையன் இன்று என்னைவிட நன்றாக ஃபோகஸ் பிடிக்கிறான்.

#10 வடகாற்று

குளிர்ப் பிரதேசங்களில் வேலை செய்யும் பெண் ஒளிப்பதிவாளர் நான். உடம்பைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சொல்கிறேன்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். உதிரியை உள்சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்திருப்பேன். வெறும் கையால் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், அதனால் மெல்லிய கையுறை, அதன் மேல் தடிமனான உறை. வியூஃபைண்டரில் மூச்சு பட்டால் உறைந்துவிடும், மூச்சைப் பக்கவாட்டில் விடப் பழக வேண்டும். எல்லாவற்றையும்விட ஆபத்து, குளிரிலிருந்து கேமராவை நேராகச் சூடான அறைக்குள் கொண்டுவருவது. கண்ணாடிக்கு உள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே காற்றுப் புகாத பையில் இறுக்கி மூடி, உள்ளே கொண்டுவந்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை பல மணி நேரம் திறக்காமல் வைக்க வேண்டும். மழைக்காடு இதற்கு நேர் எதிர். ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டிதான் காப்பாற்றும்.

விதிகளைப் படித்துவிட்டுப் போங்கள். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் 2025 ஜனவரி 1 முதல் பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். தென் அட்லாண்டிக்கில் உள்ள சவுத் ஜார்ஜியா தீவில் எலிகளை முழுக்க ஒழித்துவிட்டதாக 2018-இல்தான் அறிவித்தார்கள். வெளியிலிருந்து வேறு எந்த உயிரும் மறுபடி புகுந்துவிடக் கூடாது என்பதால், அங்கே இறங்குவதற்கு முன் ட்ரைபாட் கால், காலணி, வெல்க்ரோ ஒட்டுப்பட்டை எல்லாவற்றிலும் ஒரு விதைகூட ஒட்டியிருக்கக் கூடாது. ஊசி வைத்துக்கொண்டு வெல்க்ரோவை நோண்டி உட்கார்ந்திருப்போம். எனக்கு அது சலிப்பாக இருந்ததில்லை. கோடிக்கணக்கான பறவைகள் அந்தத் தீவை நம்பி இருக்கின்றன.

கரடி நடமாடும் இடத்தில் கூடாரம் போட்டால் இரவில் முறை வைத்துக் காவல் இருக்கும். பகலில் 14 மணி நேரம் கேமரா, இரவில் இரண்டு மணி நேரம் காவல். மூன்றாம் வாரத்தில் எல்லோரும் அற்பக் காரணத்துக்குச் சண்டை போடுவார்கள். குழுவைப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள், இடத்தைப் பார்த்து இல்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாவது போட வேண்டும், சான்றிதழ் அப்போதுதான் செல்லும். 2016-லிருந்து அது ஆயுளுக்கும் செல்லும், தொலைக்காதீர்கள். வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசியையும் கேளுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: இவ்வளவு கனத்தைத் தூக்க முடியுமா என்று என்னிடம் பலமுறை கேட்டார்கள். என்னோடு வந்த ஆண்களிடம் அதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தூக்கினேன், தூக்குகிறேன்.

#11 பழஞ்சுவடி

சிறு செய்தி ஒன்று. காத்திருப்பு புதிதில்லை. இங்கிலாந்தின் ரிச்சர்ட், செர்ரி கீர்ட்டன் சகோதரர்கள் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், உள்ளே ஆள் புகும்படி குடைந்த ஒரு பொய்க் காளையைச் செய்து அதற்குள் ஒளிந்து பறவைகளைப் படமெடுத்தார்கள். ஒருமுறை ரிச்சர்ட் அதற்குள்ளேயே மயங்கிவிட்டார். இன்றைய துணிக் கூடாரத்துக்கு அவர்கள்தான் மூத்தவர்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

#12 மழைத்தும்பி

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். விலங்கு கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

#13 கல்மரம்

தலையிடாதே என்பதுதான் விதி, பெரும்பாலும் அது சரி. பசித்த ஓநாய்க்குக் கிடைக்க வேண்டிய குட்டியை நாம் காப்பாற்றினால் ஓநாயின் குட்டி சாகும். வாசற்படி சொன்ன அதே பென்குயின் படப்பிடிப்பில், பனிப் பள்ளத்தில் குஞ்சுகளோடு சிக்கிக்கொண்ட பறவைகளுக்காகக் குழுவினர் சரிவாகப் பனியை வெட்டி வழி செய்தார்கள். ஏறுவதா வேண்டாமா என்பதைப் பறவைகளிடமே விட்டுவிட்டார்கள். அங்கே வேறு விலங்கின் வாயிலிருந்து எதையும் பறிக்கவில்லை என்பதால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

நான் செய்யாத ஒன்றும் இருக்கிறது. வறட்சியில் ஒரு யானைக் கன்று, தாய் விழுந்த இடத்தை விட்டு நகராமல் நின்றது. நான்கு நாள் எடுத்தேன். ஐந்தாம் நாள் எனக்கு விமானம். அந்தக் காட்சியைப் பிறகு பலர் பாராட்டினார்கள். அதைப் பற்றி வீட்டில் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. இதற்கு எனக்கு விடை இல்லை தம்பி. சுமந்துகொண்டு வருவதில் இதுவும் ஒன்று, அதை யாரிடமாவது பேசுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

#14 மழைத்தும்பி

நான்கு மாதம் கழித்து வருகிறேன். ஒப்புக்கொண்டோம். முதல் பயணம் முடிந்தது, 23 நாள், இருவாச்சிக் கூடு ஒன்று.

பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, ஒரு சின்ன இடுக்கை மட்டும் விட்டுவைத்திருந்தது. ஆண் பறவை பழம் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டும். சில நாள் மூன்று முறை வந்தது, சில நாள் வரவே இல்லை. மூன்றாம் நாள் மனம் அடங்கும் என்றார் கல்மரம் அண்ணா. எனக்கு அது ஐந்தாம் நாள். ஒன்பதாம் நாள் ஆண் பறவை வருவதற்கு முன்பே இறக்கைச் சத்தம் கேட்டு லென்ஸைத் திருப்பியிருந்தேன், அன்று கிடைத்த ஷாட் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். தடம் பார்ப்பவரின் தங்கை தினமும் மாலையில் வந்து காட்சிகளைப் பார்ப்பாள். கடைசி வாரம் அவளும் கேமராவைப் பிடித்தாள். பெட்டிதூக்கி அண்ணா, கார்னேயில் இரண்டு எண் தவறாக இருந்தது. வாய்விட்டுப் படித்ததால் கிளம்பும் முன்பே பிடித்துவிட்டோம்.

இரண்டு முறை செய்தி தவறியது. ஒருமுறை 41 மணி நேரம். தாள் கதவில்தான் இருந்தது, மனைவி யாரையும் அழைக்கவில்லை.

வாசற்படி அக்கா, வீட்டுக்கு வந்ததும் கூடத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தேன். மகள் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். நேரமானது. அப்புறம் தன் பொம்மையை முதலில் அனுப்பினாள்.

#15 வாசற்படி

எவ்வளவு நேரம்?

#16 மழைத்தும்பி

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் அக்கா. பொம்மையைத் தரையில் தள்ளித் தள்ளி என் கால் வரை கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடிவிட்டாள். நான் அசையவில்லை. திரும்பி வந்தாள். அடுத்த பயணம் 19-ஆம் தேதி.